வலை போட்டுப் பிடித்த கல்

கடற்கரை ஊரான எங்கள் மாம்புரியில் உறைபனி பெய்ததாக ஒரு வரலாறும் இல்லை. ஆனால் எட்டாம் ஆண்டு படித்த காலத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதினால், வெள்ளையாக எது வந்தாலும் அது பனியைப் போல்தான் வெள்ளையாக இருக்கும். கொக்கும் அப்படி, பள்ளிச் சட்டையும் அப்படி, பாலாவி உப்பளத்தில் குவிந்து கிடக்கும் உப்பும் அப்படி. கண்ணுக்கு முன்னால் கிடக்கிற உப்பைக் காணாத பனிக்கு ஒப்பிட்டு எழுதியவள் நான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் கரையில் என்னைப் போல ஒரு பெருமைக்காரி அப்போது இருந்திருக்க மாட்டாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கட்டுரைக் கைநூல். அதன் கடைசிப் பக்கங்களில் நாற்பது ஆங்கில உவமைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். சிங்கத்தைப் போலத் துணிவு, தேனீயைப் போலச் சுறுசுறுப்பு, ஊசியைப் போலக் கூர்மை என்று போகும். நாற்பதையும் செபம் போல மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எங்கள் பள்ளிக்கூட அதிபர் ஆந்தையைப் போல அறிவுள்ளவர் என்று ஒருமுறை எழுதினேன். ஆந்தை அலறினால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிற ஊர் எங்களுடையது. அப்பா அதன் பொருளைக் கேட்டுவிட்டு, அதிபரிடம் மட்டும் இதை மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதே என்றார்.

அந்த வருஷம் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் கோட்ட மட்டத்தில் எனக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. தலைப்பு 'மழை நாள்'. பத்தொன்பது உவமைகள் போட்டிருந்தேன். முதலிடம் வந்த பிள்ளை இருபது போட்டிருக்க வேண்டும். அப்பா சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டினார். அன்றிலிருந்து ஆங்கிலம் எழுதிய எந்தப் பொருளும் என் பார்வைக்கு வராமல் எங்கள் ஒழுங்கையைத் தாண்டியதில்லை. உரப்பை, பூச்சிமருந்துப் போத்தல், படகின் வெளி இயந்திரத்தோடு வந்த தாள் எல்லாம் வந்தன. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

மாமி அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு, கரையில் நின்று இழுக்கும் அவருடைய கரைவலையை விற்றுவிடச் சொல்லி எல்லோரும் புத்தி சொன்னார்கள். மாமி விற்கவில்லை. பதினெட்டு ஆண்களை வைத்துத் தானே வலையை நடத்தினார். அவர் கடற்கரைக்கு வந்து நின்றால், பீடி பிடிக்கிறவர்கள் பீடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். மாமிக்கு எந்தக் கதையும் ஒரு 'மாதிரி' இல்லாமல் வராது. அப்பாவின் ரேடியோ கருவாட்டுப் பந்தலில் இருந்த காகம் மாதிரி. புதிதாக வந்த ஃபாதரின் பிரசங்கம் காற்றில்லாத நாளின் பாய்மரம் மாதிரி. நான் புது எஞ்சின் மாதிரியாம், ஓட்டத்தைவிடச் சத்தம் கூடவாம். நாற்பதில் ஒன்றாக இல்லாதபடியால் மாமியின் உவமைகளை நான் உவமைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

மாமி பள்ளிக்கூடம் போனது மூன்றாம் ஆண்டு வரைக்கும்தான். ஆங்கிலம் என்று அவர் அறிந்து வைத்திருந்தவை ஐந்து சொல்: ஐஸ், எஞ்சின், போட், லொறி, நெட். கடைசிச் சொல், போர் முடிந்த பிறகு யாரோ உதவிக்காரர் மீனவர்களுக்கு வலை கொடுத்தபோது கிடைத்தது. மாமி வெயிலில் வரிசையில் நின்று வாங்கி வந்த கட்டின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் விரலை வைத்து எனக்கே 'நெட்' என்று வாசித்துக் காட்டினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அதெல்லாம் ஆங்கிலத்தில் சேர்த்தியா என்ன?

அந்தத் தை மாதம் மாமிக்கு ஒரு வலி வந்தது. வந்தால் ஆள் சுருண்டுவிடுவார், போனால் எழும்பிக் கடற்கரைக்குப் போய்விடுவார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அப்பா கெஞ்சினார். அங்கே போனால் அறுக்காமல் விடமாட்டார்கள் என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரோடு யார் வாதாட முடியும்?

அப்போது கடல்நீர் தேங்கிக் கிடக்கும் களப்பில் பட்டம் விட்டு விளையாட வெள்ளைக்காரர் வரத் தொடங்கியிருந்தார்கள். பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் நின்று தண்ணீருக்கு மேல் பாய்வார்கள். அப்படி வந்த ஒருவருடைய மனைவி டொக்டர். ஃபாதர் கேட்டுக்கொண்டதால் அவர் சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் வந்திருந்து ஊராரைப் பார்த்தார். தமிழை ஆங்கிலமாக்கிச் சொல்வது கன்னியர் மடத்து சிஸ்டருடைய வேலை. வெள்ளைக்கார டொக்டர் கத்தி வைத்திருக்கவில்லை என்று விசாரித்து அறிந்த பிறகு மாமி வரச் சம்மதித்தார். அந்தச் சனிக்கிழமை பார்த்து சிஸ்டர் தியானத்துக்குப் போயிருந்தார். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என்ர மகள் இருக்கிறாள்தானே என்றார்.

பெருநாள் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அப்பா, அம்மா, மாமி, வேடிக்கை பார்க்க அயல் வீட்டார் என்று ஒரு சிறு சுற்றுப்பிரகார ஊர்வலமே என் பின்னால் வந்தது. டொக்டருக்கு வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. வலி எப்படிப்பட்டது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் மாமியிடம் கேட்டேன். மாமி கதிரையை விட்டு எழுந்து நின்று, இல்லாத கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ட்ராக்டர் இழுவை இல்ல மகள், ஆள் இழுவை. பின்னால, இந்த விலாவுக்குக் கீழ, ஆழத்தில வலை கிடக்கிற மாதிரி. அங்கயிருந்து முன்னுக்கு, அடிவயித்துக்கு இழுக்குது. அம்பாவுக்கு இழுக்கிற மாதிரித்தான். இழுக்கும், விடும். இழுக்கும், விடும். விடுற நேரம் ஒண்டுமே இல்லாத மாதிரி இருக்கும்."

எங்கள் பக்கத்தில் கரைவலையை அம்பா பாடித்தான் இழுப்பார்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், அந்த நேரம் கைகள் தளர்ந்து மூச்சு வாங்கும். எல்லோரும் சேர்ந்து பதில் பாடும்போது கயிறு கரைக்கு வரும். அந்த வருஷம் பக்கத்துக் கரைக்காரர் ட்ராக்டரைக் கட்டி இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். அதற்குப் பாட்டும் இல்லை, ஓய்வும் இல்லை. ஆகவே மாமி சொன்னது எனக்கு ஒரு சொல் மிச்சமில்லாமல் விளங்கியது. வலை, கயிறு, இழு, விடு எல்லாவற்றுக்கும் நாலாம் ஆண்டிலேயே ஆங்கிலம் படித்திருந்தேன்.

அதுதான் பிரச்சினை. நாலாம் ஆண்டுச் சொற்களைச் சொல்லவா நான் பெருநாள் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன்? ஒரு வெள்ளைக்கார டொக்டருக்கு முன்னால் மீன் வலையையும் ட்ராக்டரையும் எடுத்து வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வலி ஊசியைப் போல் கூர்மையானது, நெருப்பைப் போல் சூடானது, கரையில் போட்ட மீனைப் போல் மாமி துடிக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எப்போதும் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். மாமியைக் கேட்காமலே, ஓம், இரவும் பகலும் என்றேன். வசனம் அப்படித்தான் அழகாக முடிந்தது.

டொக்டர் மாமியின் மேல் வயிற்றை அழுத்திப் பார்த்தார். காரம் சாப்பிடுவாரா என்று கேட்டார். எங்கள் கரையில் காரம் சாப்பிடாதவர் யார்? வயிற்றுப் புண்ணாக இருக்கலாம் என்று மூன்று கிழமைக்கு மாத்திரை கொடுத்தார். போகும்போது, நீ மிக அழகாக ஆங்கிலம் பேசுகிறாய் என்று என்னிடம் சொன்னார். 'பியூட்டிஃபுல்' என்ற சொல் அப்பாவுக்குத் தெரியும். வீடு வரும்வரை வழியில் கண்ட எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொண்டு வந்தார். மாமி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளை நல்லாக் கதைச்சாள் என்றார்.

அந்த மூன்று கிழமையும் நான் தரையில் நடக்கவில்லை. பேக்கரியில் பாண் வாங்கப் போனால்கூட, டொக்டரோடு கதைத்த பிள்ளை என்று முதலில் தந்து அனுப்பினார்கள். மாமி மாத்திரையைத் தவறாமல் போட்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், பரவாயில்லை என்பார். முகம் மட்டும் வரவர வற்றிக்கொண்டு போனது.

ஒரு வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் அம்மா மீன் குழம்பைத் தந்து மாமி வீட்டுக்கு அனுப்பினார். மாமி கட்டில் காலைப் பிடித்தபடி நிலத்தில் கிடந்தார். என்னைக் கண்டதும் கட்டில் காலை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நொறுங்குகிற பிடி. நான் கத்த வாயெடுத்தேன், அதற்குள் பிடி தளர்ந்தது. மாமி மூச்சு வாங்கினார். வேர்த்துப்போன முகத்தோடு, சாப்பிட்டியா மகள் என்றுகூடக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மறுபடி இறுகியது. பிறகு தளர்ந்தது. பிறகு இறுகியது. கடற்கரையில் அவருடைய ஆட்கள் அவருடைய வலையை இழுக்கும் அம்பா காற்றோடு வந்துகொண்டிருந்தது.

ஊசியும் இல்லை, நெருப்பும் இல்லை. இரவும் பகலும் இல்லவே இல்லை. மாமி அன்று சொன்ன வசனம் அப்படியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல், என் மணிக்கட்டில் இருந்தது. மாமி அலங்காரத்துக்காகச் சொன்னார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் விபரம் சொல்லியிருக்கிறார். மாமி செத்துப்போனால் அது என்னுடைய ஆங்கிலத்தால்தான் என்று தோன்றியது. குழம்புச் சட்டியை அங்கேயே வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட ஓடினேன்.

வலி பின்னேரத்தோடு அடங்கியது. நான் பொய் சொன்னதை அப்பாவிடம் சொல்லலாம் என்று இரண்டு தரம் பக்கத்தில் போனேன். இரண்டு தரமும் அவருடைய தலைக்கு மேலே அந்தச் சான்றிதழ் தெரிந்தது. சொல்லாமல் திரும்பிவிட்டேன். கோழை என்று யாரும் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த நாள் பள்ளி விட்டு வந்து அப்பியாசக் கொப்பியையும் அகராதியையும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போய் இருந்தேன்.

அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை. நமக்கு நோ வேறு, உளைவு வேறு, குத்து வேறு, கடுப்பு வேறு. அகராதி எல்லாவற்றுக்கும் முதலில் ஒரே சொல்லைத்தான் நீட்டியது. இழுப்பதற்கு மட்டும் ஐந்தாறு சொல் வைத்திருந்தது. பாரமான வலையை இழுப்பதற்கென்றே ஒரு சொல் இருந்ததைக் கண்டு துள்ளினேன். பிறகு, அதை டொக்டர் அறியாவிட்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். பழக்கதோஷத்தில், விதியின் வலிமைமிக்க மீனவர்கள் என்று தொடங்கி ஒரு வசனம் எழுதினேன். வாசித்துப் பார்க்க எனக்கே நன்றாகத்தான் இருந்தது. மணிக்கட்டைப் பார்த்தேன், மாமியின் விரல் பட்ட இடம் நீலம் பாரித்திருந்தது. அந்த வசனத்தை வெட்டினேன். அதை வெட்டும்போது அழுகை வந்தது.

கடைசியில் சின்னச் சின்ன வசனங்களாக ஏழு மிஞ்சின. நாற்பதில் ஒன்றுகூட அதில் இல்லை. நாலாம் ஆண்டுப் பிள்ளை எழுதியது போல் கிடந்தது.

மாத்திரை முடிந்து சனிக்கிழமை டொக்டரிடம் போனால் சிஸ்டர் திரும்பி வந்திருந்தார். வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர், எங்கள் முறை வந்ததும் பேனையை வைத்துவிட்டு எழும்பினார். நான் சொல்கிறேன் சிஸ்டர் என்றேன். சனம் சிரித்தது. வாய் கூடிப்போச்சு என்று அம்மா என் தொடையில் நுள்ளினார். அப்போது மாமிதான் வாயைத் திறந்தார்.

"நீங்க வாசலைப் பாருங்க சிஸ்டர். என்ர மருமகளே சொல்லட்டும்."

சிஸ்டர் வாசலுக்குத் திரும்பிப் போனார். நான் டொக்டருக்கு முன்னால் நின்றேன். போன முறை நான் பிழையாகச் சொன்னேன், அவை என்னுடைய சொற்கள், மாமியுடையவை அல்ல என்று முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். பக்கத்தில் இருந்த எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் விளங்காத மொழியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்வது எவ்வளவு வசதி! டொக்டர் பேனையை வைத்தார். கோபப்படவில்லை.

பிறகு ஏழு வசனங்களையும் சொன்னேன். எங்கள் கடற்கரையில் ஆட்கள் பெரிய வலையை இழுப்பார்கள். இழுப்பார்கள், ஓய்வார்கள், மறுபடி இழுப்பார்கள். இந்த வலியும் அப்படித்தான். பின்னால், இங்கே, ஆழத்தில் தொடங்கும். முன்னால், கீழே, இங்கே வரும். அவர்கள் ஓயும்போது வலியே இல்லை. இது ட்ராக்டர் அல்ல, ஆட்கள். சொல்லச் சொல்ல என் இரண்டு கையும் தாமாகவே மாமியின் கயிற்றைப் பிடித்து இழுத்தன. மாமியின் கை வந்து என் தோளில் விழுந்தது.

டொக்டர் கடைசி வசனம் வரை காத்திருக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, நான் காட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்து, அதன் மேல் மற்றக் கையால் மெல்லக் குத்தினார். மாமி துள்ளிப்போனார். சிறுநீர் என்ன நிறம் என்று டொக்டர் கேட்டார். நான் மாமியின் காதுக்குள் கேட்டேன். அப்பா யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். சாயத்தண்ணி மாதிரி என்றார் மாமி. ரோசாவைப் போலச் சிவப்பு என்று நாற்பதில் ஒன்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, பால் விடாத தேநீர் போல என்றேன். இப்போது எனக்குத் தெரிகிறது என்றார் டொக்டர். அவரும் சின்னச் சின்ன வசனமாகத்தான் பேசினார். எனக்காக இறங்கி வந்து பேசுகிறார் என்று அன்று எண்ணினேன். ஆங்கிலம் அவருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த இரவல் பாஷைதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

டவுன் ஆஸ்பத்திரிக்கு அவர் ஒரு கடிதம் எழுதித் தந்தார். இந்த முறை மாமி மறுக்கவில்லை. படம் பிடித்துப் பார்த்தார்கள். சிறுநீர்க் குழாயில் ஒரு கல் அடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் நாள் போயிருந்தால் அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் பழுதாகியிருக்கும் என்று அங்கே அப்பாவிடம் சொன்னார்களாம். அறுக்காமலே கல்லை எடுத்து, ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள். கொத்தமல்லியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

மாமி அந்தப் போத்தலை அலுமாரியில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். வீட்டுக்கு வருகிற யாரும் அதைப் பார்க்காமல் போக முடியாது. ஃபாதர் பார்த்தார். மீன் எடுக்க வருகிற சிங்கள முதலாளிக்குச் சிங்களத்தில் விளக்கம் நடந்தது. வசனம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

"இது என்ர மருமகள் இங்கிலிசில வலை போட்டுப் பிடிச்ச கல்லு."

நான் பக்கத்தில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். அந்தச் சான்றிதழ் தந்த பெருமையெல்லாம் இந்தப் பெருமைக்குக் கால் தூசு பெறாது. கரைவலைக்காரி, வலையை விட்டால் வேறு எதைச் சொல்லப்போகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். மண்டபத்தில் நான் ஆங்கிலத்தில் என்ன சொன்னேன் என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த வருஷக் கட்டுரைப் போட்டியில் நாற்பதில் ஒன்றையும் போடாமல் எழுதினேன். ஒரு இடமும் கிடைக்கவில்லை. அப்பா இடிந்துபோனார். கட்டுரை பார்த்தவங்களுக்கு ஒரு நோவும் இல்லப் போல என்று மாமி சொன்னார்.

இன்றைக்கு எனக்குச் சோறு போடுவது மொழிபெயர்ப்பு வேலைதான். போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது, இறால் உடைத்துக்கொண்டிருந்த அம்மா, ஏதோ பழைய கதையோடு கதையாக இதையும் சொன்னார். அந்த முதல் சனிக்கிழமை மண்டபத்தில் இருந்து திரும்பும்போது, அப்பா முன்னால் 'பியூட்டிஃபுல்' சொல்லிக்கொண்டு நடக்க, மாமி பின்னால் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாராம். பிள்ளை நெட் எண்டு ஒருக்காலும் சொல்லேல்ல என்றாராம். அப்படியென்றால் சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போவோம் என்று அம்மா சொல்ல, மாமி விடவில்லை. ஊருக்கு முன்னால அவளைக் குனிய வைக்க ஏலாது, அவளே சொல்லுவாள், பொறு என்றாராம். மூன்று கிழமையும் தன் நோவுக்கு உரிய மாத்திரை இல்லை என்று தெரிந்துகொண்டே விழுங்கியிருக்கிறார்.

ஒருவருக்கும் விளங்காது என்ற தைரியத்தில் நான் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டிருந்த நேரம், மாமி தனக்குத் தெரிந்த ஐந்து சொல்லில் ஒன்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்திருக்கிறார். அது வந்தது. அப்போது என் தோளில் விழுந்த கையை, வலி தாங்காமல் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.